நற்கருணைக்கு முன் ஒரு மாத்திரை

பிப்ரவரி 18, சனி

இருந்தவர்கள்: டாக்டர் சுகந்தி. பிரஷரும் எடையும் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, பெயர் கேட்கவில்லை. என் கணவர் பெர்க்மான்ஸ், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான், ஜெனோவா, வயது ஐம்பத்தெட்டு. என் கணவரின் அக்கா எலிசா மதினி வெளிப் பெஞ்சில் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் கதவைச் சாத்தவில்லை, அவர் காதும் சாத்தியிருக்கவில்லை. ஆக ஐந்து பேர்.

டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

"நெஞ்செரிச்சல் எப்போ இருந்தும்மா?"

"கிறிஸ்மஸ் முறுக்குல இருந்து டாக்டர்."

"குடும்பத்துல யாருக்காவது வயிறு, குடல்னு பெரிய வியாதி வந்திருக்கா?"

"எங்கக்காவுக்கு. பிரகாசின்னு பேரு. சாப்பாட்டுக் குழாய்ல புத்துநோய். போயி ஆறு வருஷமாச்சு."

டாக்டரின் பேனா நின்றது. "அப்போ கேமரா விட்டுப் பாத்துரலாம்மா. பத்து நிமிஷ வேலை."

ஈஸ்டர் முடியட்டும் என்றேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. கோவிலில் துணி வெளுப்பது, குத்துவிளக்கு துலக்குவது எல்லாம் என் பொறுப்பு. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"சாப்பிடுறது நெஞ்சுல அடைச்சு நிக்குதா?"

"இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா? சட்டை லூசாயிருக்கா?"

"இல்ல."

"கறுப்பா வெளிக்குப் போகுதா?"

"இல்ல."

முதல் கேள்வியின்போது என் கணவர் என் பக்கம் திரும்பினார். சேலைத் தலைப்பு விலகியிருந்ததைப் பார்த்திருப்பார்.

"சரி, எட்டு வாரம் மாத்திரை தாரேன். காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. நான் கேட்ட மூணுல எது வந்தாலும் எட்டு வாரம் எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது. அன்னைக்கே வரணும். இந்த மாத்திரை அமிலத்தக் குறைக்கும், எரிச்சல் அடங்கும். உள்ள வேற ஏதாவது இருந்தா அதை ஆத்தாது. எரிச்சல் போச்சேன்னு நம்பிரக் கூடாது."

எழுதிக்கொண்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் வேதாகமமும் பஞ்சாங்கக் காலண்டரும் மருந்து டப்பாவும் படித்துக் கற்றது. எழுதிக்கொண்டால் எதையும் சரியாகச் செய்துவிடுவேன்.

கடையில் நான்கு அட்டைதான் இருந்தது, அட்டைக்குப் பத்து. மீதியைப் பிறகு வாங்க வேண்டும். வீட்டு நோட்டில் சிலிண்டர் மாற்றிய தேதிக்கும் பால் பாக்கெட்டுக்கும் கீழே 'மாத்திரை' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன். எட்டு வாரம் என்றால் ஏப்ரல் 15.

பிப்ரவரி 19, ஞாயிறு

மாத்திரை ஒன்று.

நேரம் வகுத்துவிட்டேன். காலை ஐந்தேமுக்கால் பூசை. வீடு வர ஆறேமுக்கால். ஏழு மணிக்குக் காப்பி. ஏழரைக்கு மாத்திரை. எட்டு மணிக்குச் சாப்பாடு. அரை மணி நேரம் கணக்காக விழுகிறது.

பூசைக்கு முன்பே போட்டுவிட்டால் என்ன என்று இவர் கேட்டார். நான் தினமும் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவள். நற்கருணை நாவில் படுவதற்கு முன் வேறு எதுவும் படக் கூடாது, தண்ணீர்கூட. எங்கள் அம்மா அப்படித்தான் வளர்த்தார். வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால் அன்று நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். ஆண்டவர் முதலில், மாத்திரை பிறகு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

காப்பி சாப்பாட்டில் சேராது. காப்பி குடித்துவிட்டு நிற்கிறவரிடம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் 'இனிமேதான்' என்றுதானே சொல்கிறார். நன்மையைச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே என் வயிறு வெறும் வயிறுதான். டாக்டர் சொன்னபடியே நடக்கிறது.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நாற்பது நாளும் கஞ்சி என்று நேர்ந்துகொண்டேன். எலிசா மதினி பக்கத்து வீடுதான். நெற்றியில் சாம்பலோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"நாப்பது நாளும் கஞ்சியா? சாமியாரே மத்தியானம் மீன் கொழம்பு ஊத்திச் சாப்பிடுதாரு. உனக்கென்னட்டி வந்துச்சு?"

"நேர்ச்சை மதினி."

"யாருக்காக?"

"பொதுவா."

"பொதுவான்னா? ரேஷன் கடையா வச்சிருக்க?"

இவர் கூடத்திலிருந்து, "என்னையும் சேத்தா நேந்திருக்கா, கேளுக்கா" என்றார். உங்களுக்குத் தனியாகச் சோறு உண்டு என்றேன். அதன் பிறகுதான் பேப்பரைப் பிரித்தார்.

கஞ்சியில் வசதி, மெல்ல வேண்டியதில்லை. பல்லுக்கு நல்லது.

பிப்ரவரி 26, ஞாயிறு

மாத்திரை எட்டு. எரிச்சல் அப்படியே.

மார்ச் 2, வியாழன்

மாத்திரை கொஞ்சம் பெரிது. மஞ்சளாக, வழவழவென்று மேல்பூச்சோடு இருக்கிறது. நேற்று அது இறங்க நேரமாகிவிட்டது. அந்நேரம் பால்காரன் வேறு கூப்பிட்டான், பதில் சொல்ல முடியவில்லை. இன்று இஞ்சி தட்டும் கல்லில் வைத்து நுணுக்கி, தேனில் குழைத்து நக்கிவிட்டேன். கசப்புத்தான். ஆனால் நொடியில் வேலை முடிந்தது. தேனோடு கொடுத்தால் மருந்து சீக்கிரம் உடம்பில் சேரும் என்று சித்த வைத்தியத்திலேயே உண்டு. இனிமேல் இப்படித்தான்.

கல்லைத் தனியாகக் கழுவி வைத்தேன். குழம்பில் கசப்பு ஏறக் கூடாது.

மார்ச் 5, ஞாயிறு

எரிச்சல் குறையவில்லை. படுத்தால் புளித்தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்தார் இவர். இப்போது இரண்டு பேரும் சறுக்குமரத்தில் படுத்திருப்பது போல இருக்கிறது.

மதினி தன் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தா, கேஸ் மாத்திர. இதைப் போடு. பதினோரு வருஷமா போடுதேன். கறி தின்னாலும் போடுவேன், கல்யாண வீட்டுக்குப் போனாலும் போடுவேன்."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"அந்தப் பழைய டாக்டரு. அவரு செத்துப் போயிட்டாரு பாவம். ஒரு மாசத்துக்குன்னு எழுதினாரு. சீட்டு மட்டும் இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அட்டையைப் பார்த்தேன். பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து என்னுடையதேதான். ஒருவருக்கு எழுதினதை இன்னொருவர் போடக் கூடாது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்தேன். "பெரிய டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டு போனார். என்ன சொன்னாலும் சொல்லட்டும். இந்த விஷயத்தில் நான் சரி.

மார்ச் 10, வெள்ளி

நேற்று மாத்திரையை மறந்தேன். கோவிலில் சிலுவைப்பாதைப் படங்களைத் துடைக்கப் போனதில் பொழுது போய்விட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் சேர்த்து இரண்டாகப் போடவில்லை. ஒன்றுதான். நோட்டில் நேற்றைய கட்டத்தில் கோடு.

மார்ச் 13, திங்கள்

இன்று இவருக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தேன். சாமான் டப்பாக்கள் எல்லாவற்றிலும் பேப்பர் ஒட்டிப் பெயர் எழுதினேன். சீரகமும் சோம்பும் இவருக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. பத்திரங்கள் எந்தப் பெட்டி, சிலிண்டர் புத்தகம் எங்கே, மகன் டெரன்ஸின் மஸ்கட் நம்பர் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

"எதுக்குட்டி இதெல்லாம் இப்போ?"

"ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கணும்லா. சாமான் எல்லாம் இடம் மாறும்."

"வெள்ளையடிக்கதுக்கு நான் ஏன் ரசம் வைக்கணும்?"

"புளியைக் கையில எடுங்க, பேசாம."

நன்றாகவே வைத்தார். நான் ஒரு தம்ளர் குடித்தேன். மெதுவாக.

மார்ச் 16, வியாழன்

சேலைக்குப் போடும் என் நான்கு சட்டைக்கும் பக்கவாட்டில் ஒரு விரல் தையல் பிடித்தேன். தவக்காலத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்.

மார்ச் 20, திங்கள்

புனித சூசையப்பர் திருவிழா. ஒன்பது நாள் நவநாள் இன்று முடிந்தது. தச்சர்களும் குடும்பஸ்தர்களும் அவரிடம் வேறு வேறு கேட்பார்கள். நல்ல மரணத்துக்கும் அவர்தான் பாதுகாவலர். இந்த வருடம் அந்த ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னேன்.

பிரகாசி அக்காவை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு முதலில் அடைத்தது இட்லி. பல்லு சரியில்லை என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் பல் டாக்டரிடம்தான் கூட்டிப் போனோம்.

மாத்திரை இருபத்தொன்பது.

மார்ச் 27, திங்கள்

நான்கு மாத்திரை மீதம். தீருமுன் வாங்கிவிட வேண்டும் என்று மெடிக்கலுக்குப் போனேன். கடையில் நஸ்ரின் மட்டும் இருந்தாள். மருந்தாளுநர் படிப்பு முடித்த பெண், இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டைக் காட்டி, இதே மருந்து தண்ணீராகக் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஏன் ஆன்ட்டி, மாத்திரை முழுங்க முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. நுணுக்குறதுக்குச் சங்கடமா இருக்கு."

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"நுணுக்கியா போடுறீங்க?"

"தேன்ல."

"ஆன்ட்டி, அந்த மேல்பூச்சு அழகுக்குப் போட்டதில்ல. மாத்திரை வயித்தத் தாண்டிக் குடலுக்குப் போயித்தான் கரையணும். அதுக்குத்தான் பூச்சு. நுணுக்கிட்டா வயித்துல இருக்குற அமிலமே மருந்தத் தின்னுரும். எத்தனை நாளா?"

"ரெண்டாம் தேதியில இருந்து."

"வெறும் வயித்துலதானே போடுறீங்க?"

"ஆமா. காப்பி குடிச்சு அரை மணி நேரம் கழிச்சு."

சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள். "காப்பி குடிச்சா வெறும் வயிறு எப்படி ஆன்ட்டி ஆகும்? பால், சீனி எல்லாம் இருக்குல்ல. எங்களுக்கு நோன்பு ஆரம்பிச்சிருக்கு. ஒரு வாய் காப்பி குடிச்சாலும் அது முறிஞ்சிரும். எங்க வாப்பாவுக்கும் இதே மாத்திரைதான். நோன்புக்கு நேரத்த எப்படி மாத்தணும்னு போன மாசமே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டோம். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சீட்டை மடித்தேன். அவள் விடவில்லை.

"வேற மாத்திரை எதாவது போடுறீங்களா?"

"முட்டுவலிக்கு எப்பவாவது. முழங்கால்ல நின்னு செபம் சொல்லுதோம்லா. உங்க கடையிலதான் வாங்குவேன்."

பெயரைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அது வயிற்றையே புண்ணாக்கும் மாத்திரையாம். டாக்டரிடம் சொன்னீர்களா என்றாள். அவங்க வயித்தப் பத்தி மட்டும்தானே கேட்டாங்க, முட்டியப் பத்திக் கேட்கலையே என்றேன்.

"சரி, அதை இன்னையோட விடுங்க. இப்போ முக்கியமானது சொல்லுங்க. ஏன் நுணுக்குனீங்க? அடைக்குதா?"

"எனக்குத் தொண்டை சின்னது."

"பொறந்ததுல இருந்தா, இந்த வருஷமா?"

அட்டை இரண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னப் பெண், வாய் நீளம். ஆனால் மருந்தைப் பற்றிச் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே நாள், மாலை

பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயதுதான் ஆகிறது அவருக்கு. பூசைக்கு முன் மாத்திரை போட்டால் நன்மை வாங்கலாமா என்று கேட்டேன்.

"என்னம்மா இது? ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும். தண்ணிக்கும் மருந்துக்கும் அந்த ஒரு மணி நேரமும் கிடையாது. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்களே."

"எங்கம்மா தண்ணிகூடக் குடிக்க மாட்டா சாமி."

"அது அம்மாவோட பக்தி. சட்டம் இல்ல. உங்க வயித்துல இடம் பிடிக்க ஆண்டவர் மாத்திரையோட போட்டி போடலம்மா."

நாற்பத்தெட்டு வருடமாகத் தினமும் வறண்ட வாயோடு வாங்கியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

மார்ச் 28, செவ்வாய்

ஐந்தேகாலுக்கு, பூசைக்கு முன், மாத்திரை முழுதாக. காப்பி அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்து. மாத்திரை உள்ளே போனது. எத்தனை மடக்குத் தண்ணீர் என்று எழுதவில்லை.

முட்டுவலி மாத்திரைகளைப் பிரித்துக் குப்பையில் போட்டேன், வெறும் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். செபமாலையை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். மதினி பார்த்துவிட்டு, "ராணியம்மா" என்றார்.

மார்ச் 31, வெள்ளி

புளித்தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

எரிச்சல் போய்விட்டது. முழுதாகப் போய்விட்டது. கட்டிலுக்குக் கீழே செங்கல் இருக்கட்டும் என்றார் இவர், பழகிவிட்டதாம். சரியாகப் போட்டால் மருந்து ஏழு நாளில் கேட்கிறது. முப்பத்தாறு மாத்திரையை நான்தான் வீணாக்கியிருக்கிறேன். மருந்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மத்தியானம் இவர் வைத்த சோற்றைக் குழைத்து மோர் விட்டுச் சாப்பிட்டேன். கஞ்சி நேர்ச்சையில் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது வாய் நெஞ்செலும்புக்கு நடுவில் நின்றது. எரிச்சல் இல்லை. வலியும் இல்லை. நின்றது, அவ்வளவுதான். எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் நின்றேன்.

இதுவரை இதை அமிலத்தின் கணக்கில் எழுதிவந்தேன். இன்று அமிலம் இல்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

மாலைப் பூசை. சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவியபோது துண்டு எடுத்துக் கொடுத்தேன். நன்மை வாங்கினேன்.

அப்பம் எவ்வளவு மெல்லியது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதை மெல்ல மாட்டேன், நாவிலேயே கரையவிடுவேன். இன்று பாதி கரைந்ததும் விழுங்கினேன். அது இறங்கவில்லை. எச்சிலும் இறங்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது. இருமினால் வெளியே வந்துவிடும். ஆண்டவரைத் தரையில் துப்ப முடியாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனேன்.

இவர் ஆண்கள் பக்கத்திலிருந்து எனக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். எப்படி என்று தெரியவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். சின்னச் சின்னதாக ஏழு மடக்கு. பிறகு இறங்கியது.

மாதா சிலை இருக்கும் கெபிக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பாட்டில் எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"ஒரு மாசமா கொண்டுதான் வாரேன்."

"எதுக்கு?"

"ஏட்டி, நீ சாப்பிடும்போது நான் பேப்பர் படிக்கேன்னு நினைச்சியா? பாதிக் கஞ்சியக் கொல்லையில ஊத்துத. சட்டையைப் பிடிச்சுத் தைக்க. டாக்டரு முதல் கேள்வி கேட்டப்பவே நான் திரும்பிப் பாத்தேன்லா. தோசையை நீ பிச்சுப் பிச்சு வச்சது பொங்கலுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ 'இல்ல'ன்னு அடிச்சுச் சொல்லுத. உன்னைப் பொய்க்காரியாக்க எனக்கு வாய் வரல. அது என் தப்புதான்."

உள்ளே பாடிக்கொண்டே நற்கருணையைப் பவனியாக எடுத்துப் போனார்கள்.

"பிரகாசி மதினிக்கு வந்தது உனக்கும் வந்திருக்கும்னு பயந்துக்கிட்டு இருக்க. எனக்கும் அதே பயம்தான். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே இருந்தா எவன் ரசம் வைக்கது?"

பயம் என்ற சொல்லை நான் இந்த நோட்டில் எழுதியதில்லை. இப்போது எழுதியிருப்பதும் அவர் சொன்னதுதான்.

"கேமரா விட்டுப் பாக்கலாம்" என்றேன்.

"நாளைக்கேவா?"

"நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆஸ்பத்திரி இருக்காது. சனிக்கிழமை கடுதாசி எழுதித் தாரேன். நேர்ல போனா நான் மறுபடியும் 'இல்ல'ன்னு சொல்லிருவேன்."

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மாத்திரை, ஐந்தேகாலுக்கு, முழுதாக. கஞ்சித் தண்ணீர் மட்டும். மதினியிடம் நானே சொன்னேன். அவர் ஒன்றும் கேலி பேசவில்லை. தன் மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "எனக்கும் கேட்டுச் சொல்லுட்டி" என்றார்.

ஏப்ரல் 8, சனி

டாக்டருக்கு எழுதியதன் நகல். காலையிலேயே இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மதிப்புக்குரிய டாக்டர் சுகந்தி அவர்களுக்கு, ஜெனோவா பெர்க்மான்ஸ் எழுதுவது.

பிப்ரவரி 18ஆம் தேதி நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டீர்கள். இரண்டுக்கு நான் சொன்ன பதில் உண்மை இல்லை. மூன்றாவதற்குச் சொன்னது உண்மை. இன்றுவரை கறுப்பாகப் போகவில்லை.

சாப்பாடு அடைக்கிறது. ஜனவரி 9ஆம் தேதி தோசையில் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை. மார்ச் முதல் தேதி மாத்திரையும் நின்றது. இப்போது குழைத்த சோறு, ஒருமுறை நற்கருணை அப்பம்கூட. தண்ணீரும் கஞ்சியும் இறங்குகின்றன. வாந்தி இல்லை.

எடை: உங்கள் நர்ஸ் பார்த்தபோது ஐம்பத்தெட்டு கிலோ. நேற்று சாயங்காலம் மெடிக்கலில் பார்த்ததில் ஐம்பத்து மூன்றரை. தவக்காலக் கஞ்சியால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் வருவதற்கு முன்பே சட்டை தளர்ந்துதான் இருந்தது.

நீங்கள் கொடுத்த மாத்திரையை மார்ச் 27 வரை தவறாகப் போட்டேன். முதல் பதினொன்று காப்பிக்குப் பிறகு. அடுத்த இருபத்தைந்து காப்பிக்குப் பிறகு, அதுவும் நுணுக்கி. ஒருநாள் விட்டுப்போனது. மார்ச் 28 முதல் இன்றுவரை பன்னிரண்டு, முழுதாக, வெறும் வயிற்றில். எரிச்சல் போய்விட்டது, அடைப்பு போகவில்லை. எரிச்சல் போனதை நம்பக் கூடாது என்று நீங்கள் சொன்னது என் நோட்டில் இருக்கிறது. முட்டுவலிக்கு நானாக வாங்கிப் போட்ட மாத்திரையை உங்களிடம் சொல்லவில்லை, அதன் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் 27 முதல் அதைத் தொடவில்லை.

என் கணவரின் அக்கா இதே அமில மாத்திரையைப் பதினோரு வருடமாக யாரிடமும் காட்டாமல் போட்டுவருகிறார். அவரையும் ஒருநாள் கூட்டிவருகிறேன். அது பிறகு.

எட்டு வாரம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்காக நான் காத்திருக்கப் போவதில்லை. கேமரா பரிசோதனைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நாளை ஈஸ்டர் என்பதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன். அதில் எது தெரிந்தாலும் என்னிடமே நேராகச் சொல்லுங்கள், என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அவரும் இதையேதான் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும், அதுவரை நான் என்ன சாப்பிடலாம், மாத்திரையைத் தொடர வேண்டுமா என்பதை இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். இவர் உங்கள் வாசலிலேயே இருப்பார். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.